சோணையம்மாள் வெட்டிய கல்யாணப் படம்

ஓடைப்பட்டி சோணையம்மாள் கோபம் வந்தால் கத்தமாட்டாள். "சரித்தா" என்பாள், அவ்வளவுதான். அதைக் கேட்டவர்கள் உஷாராகிவிட வேண்டும். தம்பி பொண்டாட்டி அக்கம்மாளுக்கு அந்த விவரம் போதவில்லை.

புருஷன் செத்த பிறகு உத்தமபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆல்பம் ஒட்டப் போனவள் சோணை. அங்கே கிடந்த பழைய கம்ப்யூட்டரில் மூவி மேக்கர் என்ற படம் வெட்டும் புரோகிராமை நோண்டி நோண்டியே கற்றுக்கொண்டாள். கல்யாண கேசட்டுகளை ஏற்றி, வெட்டி, பாட்டுச் சேர்த்து சி.டி. ஆக்குவாள்.

2008இல் தம்பி சுருளிவேல் புதுவீடு கட்டினான். தாயில்லாத அந்தப் பயலை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் சோணைதான். பால் காய்ச்சும் அன்றைக்குச் சொந்தபந்தம் பார்க்கத் பத்து வருஷத்துக்கு முந்தைய தன் கல்யாண கேசட்டை டி.வி.டி. ஆக்கித் தரச் சொன்னான். தன் புதுக் கம்ப்யூட்டரிலேயே செய்யவேண்டுமாம்! அதில் இருந்ததோ மூவி மேக்கரின் புது வெர்ஷன். பட்டனெல்லாம் இடம் மாறிக் கிடந்தன. "வீட்டை மாத்துனா அடுப்பையுமா ஒளிச்சு வைப்பாக?" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள்.

அப்போது பக்கத்தில் வந்து நின்றாள் அக்கம்மாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. நல்ல காரியத்துல தாலியறுத்தவுக மொகம் வேணாம்னு பாக்குறேன். நீங்க வர்ற எடத்தையெல்லாம் வெட்டிருங்க."

சோணை தம்பியைப் பார்த்தாள். அந்த மகராசன் செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"சரித்தா" என்றாள்.

எங்கள் பக்கம் தாலியில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. கல்யாணத்தன்று அக்கம்மாளின் பின்னால் நின்று அவற்றைப் போட்டவள், அப்போது புருஷனோடு வாழ்ந்துகொண்டிருந்த இதே சோணை. அவளில்லாமல் தாலிகட்டே படத்தில் கிடையாது. வீட்டு வேலையில் பறந்துகொண்டிருந்த அக்கம்மாள் அதை யோசிக்கவில்லை. சோணை யோசித்தாள். தன் சேலை நுனி தெரிந்த இடத்தைக்கூட விடவில்லை.

பால் காய்ச்சிய அன்று ஹால் நிறையச் சனம். டி.வி.யில் மாலை மாற்றினார்கள். கெட்டிமேளம் தொடங்கியது. அடுத்த நொடி பந்தியில் ஒருவர் அப்பளத்தை நொறுக்கினார்.

அக்கம்மாளின் அப்பா முத்துக்கருப்பன் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏலே, எம்மகளுக்குத் தாலி கட்டாமலே சோத்தப் போட்டுட்டீகளா?"

ஹாலே சிரித்தது. அக்கம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள், சோணை மூவி மேக்கரில் செய்துவைத்திருந்த வேலையைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்கு ஓடினாள். அங்கே கடையில் பழைய வெர்ஷன். புதியதில் செய்ததை அது திறக்கவே இல்லை. வேண்டும், நன்றாக வேண்டும்! வேறு வழியில்லாமல் சோணையைத் தேடி ஓடைப்பட்டிக்கே வந்து சேர்ந்தாள்.

"மதினி, அந்த எடத்தச் சேத்துவிடுங்க."

"எந்த எடத்த?"

"தாலி கட்டுற எடத்த."

"அதுல தாலியறுத்தவ நிப்பாளேத்தா?"

அக்கம்மாள் அழுதுவிட்டாள். "நீங்க நின்னாத்தான் மதினி அது கல்யாணம்."

சோணை இரங்கினாளா? அதுதான் இல்லை. சேர்க்கிறேன் என்று தம்பி வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தவள், வேகத்தைப் பாதியாக்கும் எஃபெக்டை எடுத்துத் தாலிகட்டின் மேல் போட்டாள். ஆத்திரம் தீரவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள்.

இப்போது அந்த வீட்டில் படம் போட்டால் மாலையும் பந்தியும் விறுவிறுவென்று ஓடிவிடுகின்றன. தாலிகட்டு மட்டும் நகரமாட்டேன் என்கிறது. திரை நிறையச் சோணை, பூவும் பொட்டுமாக, ஆற அமர முடிச்சுப் போடுகிறாள். புதிதாக வந்தவர்கள், "இது யாருத்தா, இம்புட்டு லட்சணமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

"எங்க மதினி" என்று அக்கம்மாள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.