அக்கா சாய்ந்தால் காணாமல் போகும் பிரிண்டர்

பார்வை மங்கியவர்கள் படிப்பதற்காகப் புத்தகங்களைக் கொட்டை எழுத்தில் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறாள். அதனால் எல்லோருக்கும் அவள் 'பெரிய எழுத்து அக்கா'. முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் படுத்துக் கிடந்தவள், போன வாரம்தான் மறுபடி மேஜைக்கு வந்தாள். வந்த அன்றே பிரிண்டர் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அதுவும் ஒழுங்கான மக்கர் இல்லை. பட்டனைத் தட்டினால், பிரிண்டரே இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கும். எழுந்து பின்னால் போய்ப் பார்த்தால் யுஎஸ்பி வயர் செருகியபடியேதான் இருக்கும். திரும்பி வருவதற்குள் பிரிண்டர் திரையில் சமர்த்தாகத் தெரியும். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தால் மறுபடி காணோம்.

"நீ எதையாவது தட்டி விட்டிருப்பே" என்றார் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர் தட்டினார். தாள் வந்தது.

"எனக்கு வருதே!"

"அப்போ அதுக்கு என்னைத்தான் பிடிக்கலையா?"

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து உட்கார்ந்து தட்டியபோதும் தாள் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வயரை மாற்றி, வேறு துளையில் செருகினார். உடனே திரையில் ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள் முளைத்தன.

"ரெண்டாவதுதான் நிஜம்க்கா. முதல்ல இருக்கிறது பழைய துளையோட ஞாபகம்."

"துளைக்குக்கூட ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு தெரிந்தவர்கள் பெயரே சட்டென்று வாயில் வருவதில்லை. மூளைதான் குழம்பிவிட்டதோ என்ற பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அவளிடம் அத்தியாயம் அத்தியாயமாகக் கதை வாங்கி வாசிக்கும் ரிட்டயர்டு நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள்.

"அடுத்த அத்தியாயம் என்னம்மா ஆச்சு? அவன் ரயிலைப் பிடிச்சானா இல்லையா? எனக்குத் தூக்கமே வரலை."

அக்கா ஓடிப்போய் உட்கார்ந்து, 'நிஜ' பிரிண்டரையே தேர்ந்தெடுத்துத் தட்டினாள். வரவில்லை. ஆத்திரத்தில் இன்னும் எட்டுத் தடவை தட்டினாள். கடைசியில் மெக்கானிக்குக்கே போன் போட்டாள்.

"ஸ்பீக்கரைக் கூட்டி வைங்கக்கா. வயர் தொடர்பு அறுந்தா ஒரு சத்தம், சேந்தா ஒரு சத்தம் வரும்."

வைத்தாள். அவள் சாய்ந்ததும் 'டொடுங்'. நிமிர்ந்தால் 'டிடிங்'. முப்பது வருடம் இன்ஜின் சத்தம் கேட்டே பழகிய கணவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சட்டென்று மேஜைக்கடியில் புகுந்தார்.

"காலை நீட்டு."

'டொடுங்.'

"மடக்கு."

'டிடிங்.'

"அட, வயரைச் சுவத்தோட சேத்து மிதிச்சுக்கிட்டு இருக்கியேம்மா!"

முழங்காலுக்கு இதமாக அவள் சாய்ந்து காலை நீட்டும்போதெல்லாம், கீழே தொங்கிய வயரைப் பாதம் தள்ளியிருக்கிறது. செருகிய முனை நூலளவு நகர்ந்ததும் தொடர்பு போய்விடும். மற்றவர்கள் யாரும் அப்படிக் காலை நீட்டவில்லை.

"மிதிச்சா எனக்குத் தெரியாதாங்க?"

அவர் அவள் கால் கட்டைவிரலைக் கிள்ளினார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிள்ளினேனே, தெரியலையா?"

"எப்போ?"

கணவர் வயரை மேஜைக் காலோடு சேர்த்துக் கட்டினார். தட்டியதெல்லாம் வரிசையில் காத்திருந்ததுபோல, ஒரே அத்தியாயம் ஒன்பது தடவை வந்து விழுந்தது. அக்கா அதை ஒழுங்குபடுத்தக்கூட எழவில்லை.

"எனக்கு மூளைதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேங்க" என்றாள்.

"மூளை நல்லாத்தான் இருக்கு. கால்தான் மரத்துப் போயிருக்கு. இதை ஏன் டாக்டர்கிட்ட சொல்லலை?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!"

அன்று மதியமே இருவரும் டாக்டரிடம் போனார்கள். நரம்பு மெல்லத் தேறும் என்று சொல்லி, அவர் பயிற்சி எழுதிக் கொடுத்தார். சீட்டை வாங்கிப் பார்த்த அக்கா, கையெழுத்து ஒன்றும் புரியாமல் கணவரிடம் நீட்டினாள். அவருக்கும் புரியவில்லை.