சாக்குச் சுற்றிய குடம்

மாடியில் சோலார் வெந்நீர் டேங்க் வைத்தார்கள். தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

"உள்ள கொதிக்குதுப்பா. விடிய விடியச் சூடு போகாது," என்றான் மகன்.

சிறுவயதில் போடிமெட்டில் இருந்தோம். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பனியில் கை விறைத்து வருவாள். அப்பாவுக்கு ராக்காவல், பகலில் வீட்டில் இருப்பார். பாறைமேல் கிடந்த கறுப்பு ஓஸ் குழாயில் மதிய வெயிலுக்குத் தண்ணீர் சுடும். ஒருநாள் அம்மாவுக்காக அதைக் குடத்தில் பிடித்து, மூடி, சாக்கைச் சுற்றி வைத்தார். சூடு இருக்கிறதா என்று அடிக்கடி திறந்து விரலை விட்டார். அம்மா வரும்போது ஆறிவிட்டது.

"பாத்துப் பாத்தே ஆற வச்சிட்டீகளே," என்று சிரித்தாள்.

மறுநாள் குடத்தை மூடிவிட்டு, டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா வந்து திறந்ததும் ஆவி வந்தது. நான் டீக்கடைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"நெசமாவா?"

அவர் வருவதற்குள் அம்மா கைகால் கழுவி முடித்திருந்தாள். அப்பா வெறும் குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார்.