ராவி செட்டும் என் வயிற்றெரிச்சலும்

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை நான் திருத்தணிக்குப் போனது முருகனைப் பார்க்க அல்ல. எங்கள் பூச்சி பார்க்கும் குழுவின் ஹேமா அங்கே கண்டெடுத்த பூச்சி புதிய இனமே இல்லை என்று காட்டத்தான். நான் பன்னிரண்டு வருடமாக அந்துப்பூச்சிகளின் பின்னால் அலைகிறேன். அவள் என்னிடம் கற்றுக்கொள்ள வந்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. பெயர் வைக்கும் பாக்கியம் அவளுக்கா? பற்றிக்கொண்டு எரிந்தது.

அரிசியைவிடச் சிறிய பூச்சி அது. அதன் புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து தின்றுகொண்டே போகும். வெளியே வளைந்த வெள்ளைக் கோடு தெரியும். ஹேமாவிடம் இருந்தது ஒரே ஒரு பெண் பூச்சி. ஆண் கிடைத்து, அதன் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனம் உறுதியாகும். "யாராவது போனால் பாருங்கள். பள்ளிப்பட்டு ரோடு, ரவி செட்டு கிட்ட" என்று ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் தட்டியிருந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில். இருபது ரூபாய், சுமார் இரண்டு மணி நேரம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் பாஷா, "ரவி ஷெட்டா? ஆங், தெரியுங்க. நூத்தம்பது குடுங்க" என்றார். ஆறு கிலோமீட்டர் போய் ஒரு டிராக்டர் பட்டறையில் இறக்கிவிட்டார்.

மெக்கானிக் ரவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா ரிப்பேருங்க?"

"பூச்சி பார்க்க வந்தேன்."

"எந்த வண்டியிலங்க?"

நான் விழித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "பாவா, ஸ்கூட்டர் ராவி செட்டு கிந்த பெட்டு!"

"யாருங்க அது, ராவி?"

"ஆளு இல்லீங்க. ஸ்கூட்டர மரத்தடியில வெக்கச் சொல்றா. தெலுங்குல அரசமரத்த ராவி செட்டுன்னுவோம்."

ஹேமா வீட்டிலும் தெலுங்குதான். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. இன்னும் கிளம்பாமல் நின்ற பாஷா விழுந்து விழுந்து சிரித்தார். "எப்பிடியோ எடம் சரியாப் பூடுச்சு சார்!"

பட்டறைக்குப் பின்னாலேயே அரசமரம் நின்றது. தாழ்ந்த கிளைகளின் இலைகளில் வெள்ளைக் கோடுகள். புழுவோடு இருந்த இலைகளை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு பூச்சிகள் வெளிவந்தன; ஒன்று ஆண். தெரிந்த இனங்களின் படங்களோடு வைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றாவது பொருந்தாதா என்று, அன்று மலையேறிக் கும்பிடாமல் வந்த முருகனையே வேண்டினேன். எதுவும் பொருந்தவில்லை. புதிய இனம்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கிருத்திகை நாளில் போகாதீர்கள், ஆட்டோவே கிடைக்காது. டப்பா மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரத்துணி வையுங்கள். மரத்தைக் கேட்கும்போது 'ரா'வை நீட்டிக் கேளுங்கள்.

புதிய இனம் என்று தெரிந்த அன்று மாலையே ஹேமாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அண்ணா, நீங்க இல்லன்னா இது நடந்தே இருக்காது" என்று அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.