பிள்ளையோடு வந்த தோட்டம்

முருகனை நம்பி வாழுகிற என் சகோதரங்களே, செருமன் சண்டை தொடங்கின வருசம், ஆனி மாதம், நான் வளர்த்த பிள்ளையை இழக்கப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மணி என் தங்கச்சியின் மகள். தங்கச்சி கண்ணை மூடியபின், தகப்பன் கந்தையா மறுமணம் செய்தபோது, எங்கள் வழக்கப்படி பிள்ளை தாய்வழிக்கு, எங்களிடம் வந்தாள். தாயின் சீதனத் தோட்டத்தையும் அவளுடைய சாப்பாட்டுக்கும் உடுப்புக்குமென்று கந்தையா எங்கள் கையில் தந்தார். பிள்ளை எங்கேயோ, தோட்டமும் அங்கேதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மணி வந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது.

அந்த ஆனியில் கந்தையா படலையைத் திறந்துகொண்டு வந்தார். திண்ணையில் இருக்கவும் இல்லை.

“அக்கா, பிள்ளையை விடுங்கோ. தோட்டமும் என்னோடை வரட்டும். இனி அவளின்ரை பாடு என்ரை பாடு.”

நான் மணியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். என் மனிசன் சாது. மண்ணாசையில் பிள்ளையை வைத்திருக்கிறோம் என்று கந்தையா நினைக்கிறாரோ என்று பயந்துபோய், “தோட்டத்தை இண்டைக்கே எடும் தம்பி. பிள்ளை மட்டும் இருக்கட்டும். எங்கடை கஞ்சியிலை அவளுக்கும் ஒரு வாய் இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். கந்தையாவின் முகம் கறுத்தது. “அப்ப நான் பிள்ளைக்குச் சோறு போடாத தேப்பனோ? கோட்டிலை சந்திப்பம்!” படலை அடித்த சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின.

அடுத்த வளவுச் செல்லம்மா வேறு வந்து, “உவன் வழக்குப் பேசப் பிரக்கிராசியிட்டைப் போறான். அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் வாயைத் திறந்தால் பிள்ளை போனமாதிரித்தான்” என்றாள்.

சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போனேன். கோயில் வீதி முழுக்க விழுந்து கும்பிட்டு, எழும்பி, நடந்து, திரும்பவும் விழுந்து அடியழித்தேன். “முருகா, வழக்கிலை வெல்ல வை எண்டு கேக்கேல்லை. பிள்ளையைப் பிரிக்காதை” என்று வாய்விட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் திருக்கல் வண்டி. உள்ளே கந்தையாவின் புதுப் பெண்சாதி சிவபாக்கியம், மணிக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு இருக்கிறாள்! முருகன் வேலோடு வருவான் என்றிருந்தேன். அவன் சீப்போடு ஒருத்தியை அனுப்பியிருந்தான்.

“அக்கா, உங்கடை நெத்தியெல்லாம் மணல்” என்று துடைத்துவிட்டாள். பிறகு கதைத்தாள். “பெண்சாதியின்ரை சொல்லுக் கேட்டுப் பிள்ளையைத் துரத்தினவன் எண்டு சுன்னாகம் சந்தையிலை ஆரோ இவரைச் சொல்லிப்போட்டினம். அதுதான் உந்த ஆட்டம். நீங்கள் தோட்டத்தையும் திருப்பிக் குடுக்கப்போக, மனிசன் எரிஞ்சுபோனார். பிள்ளையும் தோட்டமும் இஞ்சையே இருக்கட்டும். அவர் வந்து கொத்தட்டும். தேப்பன் பிள்ளைக்கு உழைக்கிறதை ஊர் பாக்கட்டும்.”

“அவர் வருவாரே?”

“வராட்டில் நான் மண்வெட்டியோடை வாறன். அந்த வெக்கத்துக்கு ஓடி வருவார்!”

வந்தார். விடியவே மண்வெட்டியும் கையுமாக வந்தார். என் மனிசனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொத்தினார். வெயில் ஏற, மணி செம்பில் மோர் கொண்டுபோனாள். “ஐயா, வரம்பு கோணல்” என்றாள். கந்தையா சிரித்துவிட்டார். என் மனிசனும் சிரித்தார். கோட்டுப் பேச்சு அதோடு சரி.

இப்போது தோட்டத்தில் வெங்காயம் நடுகிறவர் கந்தையா. பிள்ளை எங்களிடம் வளர்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தகப்பன் வீட்டுக்குப் போகிறாள், சிவபாக்கியத்தைச் சின்னம்மா என்கிறாள். எனக்கோ போன தங்கச்சிக்குப் பதிலாக இன்னொரு தங்கச்சி கிடைத்துவிட்டாள்.

பிள்ளையை நினைத்து அழுகிறவர்களே, நீங்களும் முருகனிடம் கேளுங்கோ. தனியாகப் போகப் பஞ்சியென்றால் வெள்ளிக்கிழமை எங்களோடு வாருங்கோ. மணி நடுவிலிருந்து கதைத்துக்கொண்டே வருவாள், நல்லூர் வந்ததே தெரியாது.