துண்டில் முடிந்த மாத்திரைகள்

சித்தூர் மாவட்டத்துச் சிறை ஒன்றில் எட்டு வருடம் மருந்தாளராக இருந்தேன். எனக்கு ஊர் குடிபாலா பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது முழுக்கத் தெலுங்கு. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத வராது என்றே சொல்லலாம். ஆனால் சிறையில் என் தமிழுக்கு வேலை இருந்தது. செம்மரம் வெட்டியதாகப் பிடிபட்டு ரிமாண்டில் வருகிறவர்களில் பலர் தமிழ்நாட்டு மலைக் கிராமத்து ஆட்கள். வாரத்தில் மூன்று நாள் வரும் டாக்டரம்மா கடற்கரை ஜில்லாக்காரர், தமிழ் தெரியாது. அவர் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் நான்தான் சொல்ல வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜவ்வாது மலைக்காரர். நாற்பது வயது இருக்கும். உயரம், ஒல்லி, தோளில் எப்போதும் ஒரு துண்டு. உள்ளே வரும்போதே இருமிக்கொண்டு வந்தார். சளியைச் சோதித்ததில் டி.பி. என்று தெரிந்தது. சில நாள் தனியறையில் வைத்துவிட்டு, மாத்திரை தொடங்கிய பிறகு மற்றவர்களோடு பேரக்கில், எல்லாரும் சேர்ந்து படுக்கிற பொதுக் கொட்டடியில், விட்டார்கள்.

தினமும் காலையில் என் அறைக்கு வந்து, என் கண் முன்னால் மூன்று மாத்திரை விழுங்க வேண்டும். முதல் நாள் நான் அவரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “வெறும் வயித்துல போடணும். ஒரு நாள் கூட உடக் கூடாது. ஆறு மாசம்.” அவ்வளவுதான். அன்று வெளியே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். மற்ற விவரமெல்லாம் சுவரில் ஒட்டிய தாளில் இருந்தது. தாள் தெலுங்கில் இருந்தது.

அவர் ஒரு நாளும் தவறாமல் வந்தார். ஒவ்வொரு மாத்திரையாக வாயில் போடுவார், தண்ணீர் குடிப்பார், துண்டால் வாயைத் துடைப்பார். கேட்டால் வாயைத் திறந்து காட்டுவார். நான் அட்டையில் டிக் போடுவேன்.

ஆனால் எடை ஏறவில்லை. இரண்டாவது மாதம் இன்னும் இரண்டு கிலோ குறைந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.யோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கூட்டிப்போக எஸ்கார்ட் போலீஸ் வர வேண்டும். இரண்டு முறை வரவில்லை; பிரம்மோற்சவத்துக்கு எல்லாரையும் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை வந்தார்கள். தமிழைத் தெலுங்கில் சொல்ல நானும் போனேன்.

சந்திரகிரி தாண்டியதும் அவர் வேனின் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “அதான் திருமலையா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “மூணு தடவை இந்தக் காட்டுக்கு வந்துகிறேன். கோயிலு எந்தப் பக்கம் கீதுன்னே தெரியாது.”

ஆஸ்பத்திரியில் பெஞ்சோடு சேர்த்து விலங்கு மாட்டி உட்கார வைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். அங்கிருந்த டாக்டர் என்னிடம், “மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?” என்று தெலுங்கில் கேட்டார். “என் கண் முன்னால் விழுங்குகிறார் சார்” என்றேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. சாதாரண டி.பி.தான். அந்த மருந்துக்கே கேட்க வேண்டியது.

அதே வாரம் பேரக்கில் சோதனை போட்டார்கள். அவருடைய துணிப்பையில் இன்னொரு துண்டு இருந்தது. அதன் நான்கு முனையிலும் முடிச்சு. அவிழ்த்தால் மாத்திரைகள், ஈரம் பட்டுக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வாய் துடைக்கிற சாக்கில் துண்டில் துப்பியவை. நூறுக்கு மேல் இருக்கும். மொத்தமாக விழுங்கிச் சாகப் பார்க்கிறான் என்று ஜெயிலர் பதறிப்போனார். மலைக்காரரை என் அறைக்குக் கொண்டுவந்து, என்னவென்று கேள் என்றார்.

“ஏன்யா முழுங்கல?”

அவர் ஜெயிலரைப் பார்த்தார். ஜெயிலர் வெளியே போன பிறகு மெதுவாகச் சொன்னார். “ரத்தம் சார். ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது. மொத வாரம் துன்னேன். தினிக்கும் ரத்தம். நிறுத்தினேன், நின்னுபோச்சு.”

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“நீங்கதானே சார் குடுக்குறீங்க.”

 வேண்டாமென்றால் தூக்கி எறிந்திருக்கலாமே, ஏன் சேர்த்து வைத்தாய் என்று கேட்டேன்.

“சர்க்கார் சாமானு. வீசினா அதுக்கு ஒரு கேஸ் போடுவாங்கன்னு பயந்துகினு வெச்சிருந்தேன்.”

அந்த மருந்து சிறுநீரைச் சிவப்பாக்கும். அது ரத்தமல்ல, சாயம் மாதிரி. தெலுங்குத் தாளில் மூன்றாவது வரியில் இருக்கிறது. அவரிடம் சொன்னேன், நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு மாத்திரையை நசுக்கிக் கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செங்கல் நிறத்துக்கு வந்தது. அவர் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“இதே கலருதான்” என்றார். பிறகு, “மின்னமே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். குரலில் கோபம் இல்லை. கேட்க மட்டும் செய்தார்.

ஜெயிலர் எழுத்தில் விளக்கம் கேட்டார். சிறுநீர் சிவக்கும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை என்றே எழுதுவதாக டாக்டரம்மாவிடம் சொன்னேன். உன் வேலைக்கு உலை வைத்துக்கொள்ளாதே என்றார். ‘மருந்தின் விளைவு நோயாளிக்குப் புரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மலைக்காரருக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. மறுபடியும் தனியறையில் வைத்து, முதல் நாளிலிருந்து மருந்தைத் தொடங்கினோம்.

அந்த பேரக்கில் இருந்த எல்லாருக்கும் சளி சோதித்தோம். அவருக்கு அடுத்துப் படுத்திருந்த, தெலுங்கு பேசும் பலமனேர்க்காரருக்கு நோய் இருந்தது. இவரிடமிருந்து வந்ததா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்கவும் இல்லை. பலமனேர்க்காரருக்கு மாத்திரை கொடுத்த அன்று சிறுநீர் சிவப்பாகும் என்பதை இரண்டு முறை சொன்னேன். “தெலுசு சார்” என்றார். தெரியுமாம், தாளில் படித்துவிட்டாராம்.

மறுபடி தொடங்கிய மூன்றாவது மாதம் மலைக்காரர் ஆறு கிலோ ஏறியிருந்தார். நான்காவது மாதம் ஜாமீன் கிடைத்தது. வெளியே போகிறவர்கள் பெரும்பாலும் மருந்தை அதோடு விட்டுவிடுவார்கள். ஒரு மாதத்து மாத்திரையைக் கட்டிக் கொடுத்தேன். அவர் ஊர் சுகாதார நிலையத்துக்குக் கடிதம் வேண்டும். தெலுங்கில் எழுதினால் அங்கே யார் படிப்பார்கள்? ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தமிழில் எழுதினேன், அரைப் பக்கம். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “வரேன் சார்” என்றவர், உடனே, “இங்க வர மாட்டேன்” என்று திருத்திக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அந்த நிலையத்துக்குப் போன் செய்தேன். ஒரு நர்ஸ் எடுத்தார். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே வந்துவிட்டாராம், மருந்து சாப்பிடுகிறாராம்.

“லெட்டர் நீங்க எழுதினதா சார்?” என்று கேட்டார்.

“ஆமாம்மா.”

“ஒரே தப்புத் தப்பா இருந்துச்சு. ஆனா புரிஞ்சுது.”