சுவரில் அடிக்காத ஆணி

ஆலங்குடியில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த வருஷம், வயரிங் வேலைக்கு ஒருவர் வந்தார். ஒல்லியானவர். காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில். எதைத் தொடும் முன்பும் "எடுத்துக்கிறட்டுங்களா?" என்று கேட்பார், தன்னுடைய ஏணியையே எடுப்பதாக இருந்தாலும்.

இரண்டாம் நாள் என் பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சல். விடிய விடிய அழுதுவிட்டு, அவர் வந்த நேரத்தில்தான் கண்ணயர்ந்திருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"புள்ளைக இப்பத்தான் தூங்குதுகளா?"

"ஆமாங்க, ரெண்டு பேருக்கும் காய்ச்சல்."

"செவுத்துல அடிச்சா முழிச்சிரும். நீங்களும் செத்த நேரம் படுங்க தாயி. நான் அங்கிட்டு இருக்கேன்."

கொல்லையில் முந்திரி மரத்தடியில் போய் உட்கார்ந்தார். நானும் பிள்ளைகள் பக்கத்தில் படுத்தேன். விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு வேர்த்து, காய்ச்சல் விட்டிருந்தது. அவர் போய்விட்டிருந்தார்.

சாயங்காலம் என் கணவர் சுவரைப் பார்த்தார். "இன்னைக்கு ஒரு ஆணிகூட அடிக்கலையே! நாள் பூரா என்ன செஞ்சான்?"

பட்டப்பகலில் தூங்கினேன் என்று சொல்லப் பயமாக இருந்தது. "மரத்தடியில ஒக்காந்திருந்தாருங்க" என்றேன். அது பொய்யில்லை. அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரியே என் கணவர் வயரிங் காண்ட்ராக்டரிடம் போய்ப் புகார் சொன்னார். மறுநாள் காண்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்பினார். முதலில் வந்தவரைப் பற்றிப் புது ஆளிடம் கேட்டேன்.

"அவர வேலைய விட்டு நிறுத்திட்டாங்கம்மா."

பல வருஷம் கழித்து ஒருநாள் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல?" என்றார். அவர் கோபப்படக்கூட இல்லை.