ஒரு சொட்டு மை

கூரியர்காரர் போனை நீட்டி, "விரல்லயே கையெழுத்துப் போடுங்க சார்" என்றார். போட்டேன், கோணலாக வந்தது. அழித்துவிட்டுப் போட்டால் இன்னும் கோணல். மேசைக்கடியில் கால் ஆட ஆரம்பித்தது.

ராசிபுரத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும்போதும் அது ஓயாத கால்தான். பரீட்சையில் யாருக்கு மை தீர்ந்தாலும் தனம் டீச்சர் தன் பச்சைப் பேனாவைத் திருகித் திறந்து, எங்கள் பேனாவுக்குள் சாய்ப்பார். "எம் பேனாவுல பழகுன மை சாமி, தானா எழுதும். ஆடாத, சிந்திரும்." விளிம்பில் மை திரண்டு தொங்கும். அது விழும்வரை மூச்சுவிட மாட்டேன், கால் அசையாது. அதற்காகவே மையைக் குறைத்து ஊற்றிக்கொண்டு போவேன்.

"ஏதோ ஒரு கோடு விழுந்தாப் போதுங்க" என்று போனை வாங்கிக்கொண்டு கூரியர்காரர் கிளம்பிவிட்டார். வண்டிச் சத்தம் அடங்கிய பிறகும் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது.